கட்ச்: நின்றுபோன பிளவு, நிற்காத அழுத்தம்

நிலநடுக்கம் என்றதும் நமக்கு இமயமலை அடிவாரமே நினைவுக்கு வருகிறது. புவித்தட்டுகள் மோதிக்கொள்ளும் எல்லை அது என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் குஜராத்தைக் குலுக்கிய புஜ் நிலநடுக்கம் தட்டு எல்லையில் நிகழ்ந்ததல்ல. மிக அருகில் உள்ள எல்லைகூட நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அரசுக் கணக்கிலேயே 13,800 பேருக்கு மேல் மாண்ட அந்தப் பேரழிவின் வேர், டைனோசர்கள் உலவிய காலத்தில் உருவாகிப் பாதியில் நின்றுபோன கட்ச் பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நிலநடுக்க அபாயத்தைக் கணிக்கும்போது தட்டு எல்லைகளுக்குத் தரும் கவனத்தை இத்தகைய பழைய பிளவுகளுக்கும் தந்தாக வேண்டும்.

கோண்டுவானாப் பெருங்கண்டம் உடையத் தொடங்கியபோது கட்ச் நிலம் இருபுறமும் இழுபட்டது. பெரும் பாறைத் தொகுதிகள் பிளவுகளின் வழியே கீழிறங்கின. பள்ளத்தில் கடல் புகுந்தது. பிறகு இழுவை ஓய்ந்தது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியதும் நிலைமை தலைகீழானது: இழுபட்ட நிலம் நெருக்கப்பட்டது. அந்த நெருக்கல் இன்றும் தொடர்கிறது. இழுவையில் பிறந்த பிளவு நெருக்கினால் இறுகி மூடிக்கொள்ளாதா என்று கேட்கலாம். இறுகத்தான் செய்யும், ஓரளவுக்கு. ஆனால் முழுப் பாறையைப் புதிதாக உடைப்பதைவிட, ஏற்கெனவே உடைந்த முகத்தில் சறுக்குவதற்குக் குறைந்த விசையே போதும். அதனால், ஒருகாலத்தில் கீழே சறுக்கிய பாறைத் தொகுதி அதே பிளவில் இப்போது மேலே ஏறுகிறது.

இதைக் கண்ணெதிரே காட்டியது 1819 ஜூன் 16 அன்று நேர்ந்த நிலநடுக்கம். கட்ச் ரண் பகுதியில் சிந்த்ரி கோட்டையைச் சுற்றியிருந்த நிலம் தாழ்ந்து நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை மேடாக உயர்ந்து, சிந்துவின் பழைய கிளையாற்றை மறித்தது. மனிதர் கட்டாத அந்தக் கரைக்கு மக்கள் ‘அல்லா பந்த்’ என்று பெயரிட்டார்கள். 1826-ல் வெள்ளம் அதை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. கட்ச் மட்டும் விதிவிலக்கல்ல. 1997-ல் ஜபல்பூரை உலுக்கிய நடுக்கம் நர்மதைப் பிளவில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் நியூ மாட்ரிட்டில் 1811-12-ல் நேர்ந்த பெரும் அதிர்வுகளுக்கு அடியிலும் ஒரு பழைய பிளவே இருக்கிறது.

இரண்டு நூற்றாண்டுக்குள் இரண்டு பெரிய அதிர்வுகள் வந்துவிட்டனவே, சேர்ந்த அழுத்தம் தீர்ந்திருக்காதா? ஆறுதலான கேள்விதான், சான்று அதற்கு ஒத்துழைக்கவில்லை. 1819-ல் அசைந்த பிளவு வேறு, 2001-ல் பச்சாவ் அருகே அசைந்த பிளவு வேறு. பின்னது தரைமட்டம்வரை உடைந்து வெளியே தெரியவும் இல்லை. ஒரு பிளவு நழுவினால் அங்கே அழுத்தம் குறையும். பக்கத்துப் பிளவுகள் சிலவற்றின் மீது கூடும். 2006-ல் வடக்கே கெடி பிளவில் 5-க்கும் மேற்பட்ட அளவில் நடுக்கம் நிகழ்ந்தது.

அழுத்தத்தைத் தடுக்க நம்மால் முடியாது. கட்டடத்தைத் திருத்த முடியும். புஜ் நடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியவை. அப்படிப்பட்ட கட்டடத்தில் வீடு வாங்குமுன், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அந்தத் தூண்கள் வடிவமைக்கப்பட்டனவா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.