ஜனாஸா எரிப்பும் அடிப்படை உரிமையும்: சட்டம் எங்கே நின்றது?

2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கட்டப்பட்டன. பிறந்து இருபது நாட்களே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல், பெற்றோர் சம்மதிக்காத நிலையிலும் அங்கே எரிக்கப்பட்டதற்கான எதிர்ப்பு அது. கபன் துணியின் அடையாளமாக அவற்றைக் கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சிங்களவர்களும் தமிழர்களும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து கட்டினார்கள். இரவோடிரவாக யாரோ அவிழ்த்தார்கள். மறுநாள் மீண்டும் கட்டினார்கள்.

அந்த நாட்களில் வீடுகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "எங்கட நாட்டு அரசியலமைப்பில மத உரிமை எழுதி இருக்குத்தானே, பிறகு எப்படி எரிச்சாங்க?" இதற்கு உணர்ச்சிகரமான பதில்கள் நிறையச் சொல்லப்பட்டுவிட்டன. சட்டரீதியான பதிலைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி சொன்னவர்கள் குறைவு. அடுத்த முறை வேறொரு உரிமை வேறொரு காரணத்துக்காக மட்டுப்படுத்தப்படும்போது கைகொடுக்கக் கூடியது அந்தப் பதில்தான்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு மதச் சுதந்திரத்தை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை ஒவ்வொரு ஆளுக்கும் வழங்குகிறது. விரும்பிய மதத்தைக் கொண்டிருப்பதும் ஏற்பதும் இதில் அடங்கும். இதற்கு எந்தக் கட்டுப்பாடும் விதிக்க முடியாது. இந்த உறுப்புரையை மாற்றுவதாயின் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதாது. சர்வஜன வாக்கெடுப்பும் தேவை. சித்திரவதையைத் தடைசெய்யும் 11ஆம் உறுப்புரைக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

14ஆம் உறுப்புரை வேறு வகையானது. மதத்தை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் நடைமுறையிலும் போதனையிலும், தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வெளிப்படுத்தும் சுதந்திரத்தை அது பிரஜைகளுக்குத் தருகிறது. ஆனால் 15(7)ஆம் உறுப்புரை இதன் பின்னாலேயே வருகிறது. தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் அல்லது ஒழுக்கத்தின் பாதுகாப்பு, பிறருடைய உரிமைகளுக்கு உரிய மதிப்பளித்தல், ஜனநாயக சமூகமொன்றின் பொது நலன் ஆகியவற்றுக்காகச் சட்டத்தினால் விதிக்கப்படும் மட்டுப்பாடுகளுக்கு 14ஆம் உறுப்புரையின் உரிமைகள் உட்பட்டவை என்கிறது அது.

மனதில் நம்புவதை யாரும் தொட முடியாது. அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டும்போது அரசு குறுக்கிடலாம், ஆனால் காரணம் காட்ட வேண்டும். ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வது நமக்கு பர்ளு கிபாயா. சட்டத்தின் கண்ணில் அது பெரும்பாலும் 14ஆம் உறுப்புரைக்குள், அதாவது மட்டுப்படுத்தக்கூடிய பகுதிக்குள்தான் விழும். இதைக் கேட்க நமக்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆனாலும் இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேச முடியாது.

மட்டுப்பாடு என்றாலே அநீதி என்றும் சொல்ல முடியாது. 2007இல் வெலிகமவில் ஜும்ஆ பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு இருந்தது. ஒலி மாசு பற்றிய பெரிய வழக்காக அது மாறியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக்கூடாது என்று நீதிமன்றம் பணித்தது. சுபஹ் அதான் ஒலிபெருக்கியில் ஒலிப்பதை அது பாதித்ததால் நம்மில் பலருக்கு அந்தத் தீர்ப்பு கசந்தது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு அதானுக்கு மட்டும் போடப்பட்டதல்ல. பிரித் ஓதலுக்கும் அரசியல் கூட்டத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் சேர்த்தே போடப்பட்டது. அடுத்த வீட்டு நோயாளியின் தூக்கமும் ஓர் உரிமை என்பதே அதன் அடிப்படை. அதான் சொல்வதை யாரும் தடுக்கவில்லை, ஒலியின் அளவையும் நேரத்தையுமே கட்டுப்படுத்தினார்கள். என் கருத்தில் அது தாங்கக்கூடிய மட்டுப்பாடு.

இந்த வழக்கை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு 2020க்கு வருவோம்.

மார்ச் மாத இறுதியில் கொவிட்டினால் இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒழுங்குவிதி 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்டது.

முதல் கேள்வி, இது "சட்டமா" என்பது. 15(7)ஆம் உறுப்புரை, சட்டம் என்ற சொல்லுக்குள் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. சுகாதார அமைச்சர் வேறொரு கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கும் ஒழுங்குவிதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அமைச்சர் ஒருவரின் கையொப்பம் ஒரு பிரஜையின் அடிப்படை உரிமையை மட்டுப்படுத்தப் போதுமா? இது வெறும் சட்ட நுணுக்கமல்ல. மட்டுப்பாடு பாராளுமன்றத்தின் வழியாக வந்தால் அங்கே விவாதம் நடக்கும், எதிர்ப்பு பதிவாகும். வர்த்தமானி ஓர் இரவில் வந்துவிடும்.

இரண்டாவது கேள்வி தேவை பற்றியது. பொதுச் சுகாதாரம் நியாயமான காரணம்தான். சர்வதேச சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் காரணத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, எடுத்த நடவடிக்கை அந்தக் காரணத்துக்கு அவசியம் என்று காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அடக்கம், எரிப்பு இரண்டையும் அனுமதிக்கும் வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. உலகெங்கும் கொவிட் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டுக்கொண்டிருந்தன. நிலத்தடி நீர் மாசுபடும் என்பதே இங்கே சொல்லப்பட்ட வாதம். அப்படி அஞ்சினால் நீர்மட்டம் ஆழமான இடமொன்றைத் தெரிவு செய்யலாம், ஆழமான கப்று தோண்டலாம், உடலை உறையிட்டு மூடலாம். இத்தனை சிறிய வழிகள் இருக்கும்போது நேரே பெரிய வழிக்குப் போவதுதான் அளவுமீறல். டிசம்பர் இறுதியில் அரசே நியமித்த நிபுணர் குழுவொன்று இரண்டு முறைகளையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகும் எரிப்பு தொடர்ந்தது.

இந்தக் கேள்விகளோடு பல அடிப்படை உரிமை மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் அதற்கு வழி செய்கின்றன. ஆனால் மனு தாக்கல் செய்தவுடனேயே விசாரணை ஆரம்பிப்பதில்லை. முதலில் நீதிமன்றம் "மேற்கொண்டு செல்ல அனுமதி" வழங்க வேண்டும். 2020 டிசம்பர் 1ஆம் திகதி, மூன்று நீதியரசர்கள் கொண்ட குழாம் பெரும்பான்மை முடிவாக அந்த அனுமதியை மறுத்தது. காரணம் கூறப்படவில்லை.

உரிமையை அரசு மட்டுப்படுத்தியதை விட இதுதான் எனக்குப் பெரிய விடயமாகத் தெரிகிறது. மனு தோற்கலாம், நீதிமன்றங்களில் தோல்வி சகஜம். காரணத்தோடு தோற்றிருந்தால் அந்தக் காரணத்தைப் படிக்கலாம், விமர்சிக்கலாம், அடுத்த வழக்கில் மறுக்கலாம். ஒழுங்குவிதி சட்டமாகுமா, எரிப்பு அவசியமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இன்றுவரை அந்த மனுக்களில் பதில் கிடைக்கவில்லை. இன்னொரு தொற்றுநோய் வந்தால் அதே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடக்கம் செய்யும் அனுமதி கடைசியில் அரசியல் வழியாகத்தான் வந்தது. 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் வந்து போனார்; ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது; 25ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். அந்தத் தீவின் மீனவ மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பிறகு மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே அடக்கப்பட்டனர். நிலத்தடி நீருக்கு என்னவானது என்று யாரும் பேசவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. ஓய்வுபெற்ற அரச அலுவலரான ரம்ஸி ராஸிக், பேனாவாலும் விசைப்பலகையாலும் சிந்தனைப் போராட்டம் நடத்த வேண்டும் என்று முகநூலில் எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், வெறுப்புக்கு எதிராக எழுதியவர் மீதே பாய்ந்தது. ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய மனு விசாரணைக்கு எடுக்கப்பட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரது உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. அரசியலமைப்பு இத்தகைய மனுக்களை இரண்டு மாதங்களில் முடிக்கச் சொல்கிறது. அவருக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நம் பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 16ஆம் உறுப்புரையின்படி, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அந்தச் சுவருக்குள்தான் பாதுகாப்பாக நிற்கிறது. அதன் குறைகளைச் சொல்லும் நம் சகோதரிகள் சமத்துவ உரிமையோடு நீதிமன்றம் போனால் அந்தச் சுவரில்தான் மோதுகிறார்கள். மையவாடிக்காக உரிமை பேசிய நாம், காதி நீதிமன்றத்தின் வாசலில் நிற்கும் பெண்ணுக்காகவும் அதே மொழியில் பேசுகிறோமா?

இனி, நடைமுறைக்கு வேண்டிய ஒரு விடயம். உரிமை மீறப்பட்டால், அல்லது மீறப்படப் போகிறது என்று தெரிந்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். மீறியது அரச நிர்வாகமாக இருக்க வேண்டும். தனிப்பட்ட முதலாளிக்கு எதிராக இந்த வழியில் போக முடியாது. துக்க வீட்டில் ஒரு மாதம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொழும்புக்குப் போய் சட்டத்தரணியைப் பிடிக்க முடியாதவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடைபெறும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டை வெறுமனே கொடுத்துவிட்டு இருந்தால் போதாது. விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்பதற்கு ஆவணம் வேண்டும் என்று நீதிமன்றம் பிற்காலத்தில் இறுக்கமாகப் பார்த்திருக்கிறது. எனவே முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும், ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.