வளைதிரையில் விழும் பார்வை

திரையில் நாம் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கருவி 'ஐ டிராக்கர்'. பேசவும் கையசைக்கவும் இயலாத நரம்பு நோயாளிகள் பார்வையாலேயே எழுத்துகளைத் தேர்ந்து தட்டச்சு செய்வது இதன் துணையால்தான்.

திரையின் கீழ் விளிம்பில் பொருத்தப்படும் இக்கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தின்மேல் பாய்ச்சும். அந்த ஒளி கருவிழியில் பட்டுச் சிறு புள்ளியாக மின்னும். பார்வை திரும்பினால் கண்பாவை நகரும். மின்னும் புள்ளி அந்த அளவுக்கு நகராது. இரண்டுக்கும் இடையிலான விலகலைக் கேமரா அளந்து, பார்வையின் திசையைக் கணக்கிடுகிறது. அத்திசையில் ஒரு கோட்டை நீட்டி, அது திரையைத் தொடும் இடத்தைக் கண்டால் விடை கிடைத்துவிடும்.

வளைதிரையில் சிக்கல் இந்தக் கடைசிப் படியில்தான். தட்டைத் திரைக்கென எழுதிய மென்பொருளுக்கு வளைவு தெரியாது. '1000ஆர்' என்று குறிக்கப்பட்ட திரை, 1000 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில். 34 அங்குல அகலத்திரை சுமார் 80 செ.மீ. நீளம். அதை அப்படி வளைத்தால் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட ஏறக்குறைய 8 செ.மீ. முன்னே வந்துவிடும். 70 செ.மீ. தள்ளி அமர்ந்து ஓரத்தைப் பார்ப்பவரின் பார்வைக்கோடு, அங்கே நிற்காமல் கற்பனைத் தட்டைத் திரைவரை போவதாக மென்பொருள் எண்ணும். விடை கிட்டத்தட்ட 4 செ.மீ. பிசகும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியிலோ பிழை அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. நல்ல கருவியின் இயல்பான பிழையே ஏறத்தாழ அவ்வளவு என்பதால், நடுவில் மட்டும் சோதிப்பவருக்குக் குறையே தெரியாது.

தீர்வு கணக்கில் இருக்கிறது. தட்டைத் தளத்துக்குப் பதில் திரையை ஓர் உருளையின் துண்டாகக் கொண்டு, பார்வைக்கோடு அதை வெட்டும் இடத்தை இருபடிச் சமன்பாட்டால் காணலாம். கிடைக்கும் கோணத்தை ஆரத்தால் பெருக்கினால் வில்லின் நீளம், அதிலிருந்து பிக்சல். தொடக்கத்தில் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி அளவுதிருத்தம் செய்யும்போது வளைவின் பிழை ஓரளவு சரியாகிவிடும். ஆனால் அது தலை அப்போதிருந்த இடத்துக்கே பொருந்தும். சற்று நகர்ந்து உட்கார்ந்தால் பிழை திரும்பிவிடும்.

ஆகவே வளைதிரையோடு இக்கருவியை வாங்கும்போது, மென்பொருளில் திரையின் ஆரத்தைப் பதிவுசெய்ய வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். சோதனையை ஓரங்களிலிருந்து தொடங்குங்கள்.