பஞ்சப்படி பிச்சையன்று

மாதத்தின் முதல் வாரத்தில் எந்த மளிகைக் கடையிலும் சற்று நேரம் நின்றால் போதும்; சீட்டில் ஒரு கிலோ துவரம்பருப்பு என்று எழுதிக்கொண்டு வந்த பெண்மணி, விலையைக் கேட்டதும், "அரைக் கிலோ போடுங்க அண்ணாச்சி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதையும், அவரும் மறுபேச்சின்றித் தராசிலிருந்து பாதியை அள்ளிச் சாக்கிலே கொட்டுவதையும் காணலாம். ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்று ஊழியம் செய்யும் அவளுக்கு மூன்று வருஷமாக ஒரே சம்பளம். முதலாளி அதைக் குறைக்கவில்லைதான், ஆனால் அதே பணத்துக்கு வரவரக் குறைவான பருப்பே கிடைக்குமானால், அதைச் சம்பளக் குறைப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நியாயமான குறைந்தபட்சக் கூலி எது என்பதை 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. உழைப்பவரின் குடும்பத்தை மூன்று பேரின் நுகர்வாகக் கணக்கிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருஷத்தில் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, இவற்றோடு மொத்தக் கூலியில் 20 சதவீதம் விறகுக்கும் விளக்குக்கும் சில்லறைச் செலவுக்கும் என்பது அதன் ஏற்பாடு. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கென இன்னொரு 25 சதவீதத்தையும் சேர்க்க வேண்டும் என்று ராப்டகோஸ் பிரெட் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலைவாசியின் பின்னே கூலியும் ஏறவே பஞ்சப்படி என்ற ஏற்பாடு வந்தது. தமிழ்நாட்டில் அரசு தொழில்வாரியாக அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படைச் சம்பளத்தோடு இதுவும் அடக்கம். சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை அனுசரித்து இத்தொகை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி திருத்தப்படுகிறது. ஏற்கெனவே அந்த மொத்தத்துக்கு மேல் கொடுத்துவரும் முதலாளி சட்டத்தை மீறியவராகமாட்டார். அதற்குக் கீழே கொடுப்பவரோ, அரசியல் சாசனத்தின் 23-ஆம் ஷரத்து தடுக்கும் கட்டாய வேலையை வாங்குகிறவரென்றே 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

"குறைந்த சம்பளத்துக்கு நீயே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயே" என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை; அத்தகைய உடன்படிக்கை செல்லாது. 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, முன்பு ஆறு மாதமாயிருந்த முறையீட்டுக் கெடு மூன்று வருஷமாயிற்று. பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்க அதிகாரிக்கு உரிமையுண்டு. கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியையே சாரும். தொழிலாளிக்காக அவர் சேர்ந்துள்ள தொழிற்சங்கமும் மனுச் செய்யலாம். வழக்காடப் பணமில்லையே என்று கலங்கும் சகோதரிகள், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள்.

வெற்றுத் தாளில் கையொப்பமிடாதீர்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். உங்கள் தொழிலுக்கு இந்த வருஷம் அறிவிக்கப்பட்டிருக்கும் தொகை என்னவென்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்து, கையில் வரும் பணத்தோடு இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.