கச்சான் காலத்து உடுப்பு

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒலுவில் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "கறுப்பு ஹபாயாவை விட்டால்தான் வெக்கை குறையுமா, மிஸ்?"

கறுப்பு வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால், பாலைவன பெதூயின் மக்களின் அங்கிகளை ஆராய்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, அங்கி தளர்வாக இருந்தால் கறுப்பிலும் வெள்ளையிலும் உடலைச் சேரும் சூடு ஒன்றே என்றது. உள்ளே ஓடும் காற்று மிகுதிச் சூட்டை வெளியேற்றிவிடும்.

ஆகவே தளர்வாகத் தையுங்கள். இறுக்கமான உடுப்பென்றால் வெளிர் நிறமே நல்லது. பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. மெல்லிய பருத்தி உறிஞ்சும். 2004 சுனாமியில் தறிகளை இழந்து மீண்ட மருதமுனையில் பருத்திக் கைத்தறி கிடைக்கிறது.

தனியே உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் சகோதரிகளே, உங்கள் உடல்நலமே வீட்டின் முதல்.