தேங்காய்ப்பட்டணக் கடற்கரைத் தோரியமும் முதிய விண்மீன்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் தேங்காய்ப்பட்டணம். இந்தக் கடற்கரைப் பகுதியின் மணலில் இல்மனைட், சிர்க்கான் ஆகியவற்றுடன் மோனசைட் என்னும் மஞ்சள் கலந்த பழுப்புக் கனிமமும் உள்ளது. மலைப்பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்தன. அலைகள் இலேசான மணலை அரித்துச் செல்ல, கனமான துகள்கள் கரையில் தங்கின. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். காஸ் விளக்கு மேன்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. விரைவிலேயே அருகிலுள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது.

இந்திய மோனசைட்டில் சுமார் 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு. இந்தத் தோரியம் பூமியில் உருவானதன்று, சூரியனுக்கும் மூத்தது.

பெருவெடிப்பில் ஹைட்ரஜன், ஹீலியம், சிறிதளவு லித்தியம் மட்டுமே உருவாயின. கார்பன் முதல் இரும்பு வரையிலான தனிமங்கள் பெரும்பாலும் விண்மீன்களில் நடந்த அணுக்கரு இணைவாலும், அவை வெடித்தபோதும் உருவாயின. இரும்பைத் தாண்டினால் இணைவு ஆற்றல் தராது. அதற்குமேல் உள்ளவற்றில் பெரும்பாலானவை நியூட்ரான்களை விழுங்கியே வளர்ந்தன. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லாததால் அணுக்கரு அதை விலக்குவதில்லை. இவ்வினை மெதுவாக நடந்தால் பிஸ்மத்துடன் நின்றுவிடும். தோரியமும் யுரேனியமும் உண்டாக, நொடிக்கணக்கில் நியூட்ரான் வெள்ளமே பாய வேண்டும். மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஃபௌலர், ஹாயில் ஆகிய நால்வரும் 1957இல் இவ்விரு வழிகளையும் விரிவாக விளக்கினர்.

அதற்கான சான்று பால்வழியின் முதிய விண்மீன்களில் கிடைக்கிறது. மெதுவான வழி நடப்பது முதுமையடைந்த சிறிய விண்மீன்களில். அவை முதுமையடையவே நெடுங்காலம் ஆகும். எனவே தொடக்கக்கால விண்மீனில் கன தனிமங்கள் மிகுந்திருந்தால், அவை பெரும்பாலும் விரைவான வழியில் வந்தவை. இரும்பு குறைவாக இருப்பதால், அவற்றின் நிறமாலையில் இரும்பின் கோடுகள் மற்றவற்றை மறைப்பதுமில்லை. சிஎஸ் 31082-001 என்னும் விண்மீனில் இரும்பு, சூரியனில் உள்ளதில் ஏறக்குறைய 800இல் ஒரு பங்குதான். 2001இல் அதில் தோரியத்துடன் யுரேனியமும் அளக்கப்பட்டது. யுரேனியம்-238இன் அரைவாழ்வு 447 கோடி ஆண்டுகள். தோரியம்-232இன் அரைவாழ்வு 1405 கோடி. வேகம் வேறுபட்ட இரண்டு கடிகாரங்கள் போன்றவை இவை. எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டதில் அதன் வயது சுமார் 1250 கோடி ஆண்டுகள் எனத் தெரிந்தது. முன்பின்னாக 300 கோடி வேறுபடலாம். லடாக்கின் ஹன்லேயில் உள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கியாலும் இத்தகைய முதிய விண்மீன்கள் ஆராயப்படுகின்றன.

அந்த நியூட்ரான் வெள்ளம் எங்கே பாய்ந்தது? 2017 ஆகஸ்ட் 17இல் பதிவான இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதலில் கன தனிமங்கள் உருவானதற்கான ஒளித்தடயம் கிடைத்தது. ஆனால் இரு நியூட்ரான் விண்மீன்கள் சுற்றிச்சுற்றி நெருங்கி மோதுவதற்குப் பொதுவாக நீண்ட காலம் பிடிக்கும். ஆதி விண்மீன்களுக்கு அத்தனை விரைவில் தோரியம் கொடுத்தவை மோதல்கள் மட்டுமா, அரிய வகைப் பெருவெடிப்பு விண்மீன்களுமா என்பதில் விவாதம் முடியவில்லை.

பூமி தோன்றியபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதற்குள் ஈயம்-208 ஆக மாறிவிட்டது.