தேடுபொறியும் எழுத்தின் தரமும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலையக இலக்கிய முன்னோடிகளுள் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) வட்டகொடையை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்தவர். அத்தோட்டத்தின் பெயரை மடக்கும்பரை என்றும் மடகொம்பரை என்றும் எழுதுவர். வட்டகொடையும் வட்டக்கொடை, வட்டகொட எனப் பலவாறு எழுதப்படுகின்றது. அவரைப் பற்றி அறிய விழையும் மாணவர் இன்று முதலில் நாடுவது இணையத் தேடுபொறியையே. அப்பொறி எதனைத் தரமான எழுத்தெனக் கொண்டு முன்வைக்கின்றது என்பது மலையக ஆய்வாளர் அறிந்திருக்கவேண்டிய ஒன்றாகும்.

தேடுபொறி, வினா எழுந்தபின் உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. வலைப்பக்கங்களை முன்கூட்டியே திரட்டி, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்று, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளதெனக் குறித்துவைக்கின்றது. அச்சொற்கள் யாவும் சம மதிப்புடையனவல்ல. சில ஆவணங்களில் மட்டுமே வரும் சொல்லுக்குக் கூடிய மதிப்பளித்தல் வேண்டும் என 1972இல் பிரித்தானிய அறிஞர் கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் எடுத்துக்காட்டினார். ‘தேயிலை’ எண்ணற்ற பக்கங்களில் வரும். ‘வட்டகொடை’ மிகச் சிலவற்றிலேயே வரும். எனவே ஊர்ப்பெயரும் ஆண்டும் தொழிற்சொற்களும் செறிந்த எழுத்து, பொதுப்படையான எழுத்தினும் எளிதிற் கண்டெடுக்கப்படும்.

சொல் இடம்பெறுதல் மாத்திரம் தரத்துக்குச் சான்றாகாது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாகிய செர்கி பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை மேற்கோள்களாகக் கொண்டு அதன் மதிப்பைக் கணித்தனர். மதிப்புமிக்க பக்கம் தரும் இணைப்புக்கு மதிப்பும் மிகுதி. ஆய்வுலகின் மேற்கோள் மரபே இதற்கு முன்மாதிரி எனலாம். இம்முறையை ஏய்க்கும் போலி இணைப்புகளும் படியெடுத்த பக்கங்களும் பெருகின. 2011இல் கூகுள் நிறுவனம், உள்ளீடற்ற பக்கங்களைப் பின்தள்ளும் வகையில் தன் கணிப்புமுறையைத் திருத்தியது.

ஆயினும் பொறி உண்மையை அறிவதில்லை. தரத்தின் அடையாளங்களையே அளக்கின்றது. பலராற் சுட்டப்படுவது மேலும் சுட்டப்படும், சுட்டுவாரற்றது மறையும். தேயிலையை விற்போரும் சுற்றுலாவை வளர்ப்போரும் மலையகத்தைப் பற்றி நிறைய எழுதுகின்றனர். கொழுந்து பறிப்போரின் வரலாறு சிற்றிதழ்களிலும் மலர்களிலும் சிதறிக் கிடக்கின்றது. இவ்வேற்றத்தாழ்வைப் பொறி தானாகத் திருத்துவதில்லை, உள்ளதையே பிரதிபலிக்கின்றது.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்துவருவது போற்றத்தக்கது. எனினும் பக்கத்தின் படம் வேறு, தேடத்தக்க எழுத்து வேறு. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றபோதும், அதன்பின் நெடுங்காலம் தனித்தனி எழுத்துருக்களிலேயே பலரும் தட்டச்சு செய்தனர். அவ்வாறு அமைந்த பக்கங்களைப் பொறி தமிழாகப் படிப்பது அரிது.

ஆகவே நாம் செய்யவேண்டுவன தெளிவானவை. பழைய எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். ஊர்ப்பெயரின் மாற்று வடிவங்களையும் உடன் குறித்தல் வேண்டும். ஒருவர் ஆய்வை மற்றவர் பெயர்சுட்டி இணைத்தல் வேண்டும். இவை பொறியை ஏய்க்கும் உத்திகளல்ல. நல்ல ஆய்வுக்கு என்றும் உரிய ஒழுக்கங்களே. அவற்றை நாம் கைக்கொள்ளாவிடின், வட்டகொடையைத் தேடி வரும் மாணவருக்கு மலையின் அழகு கிட்டும். அம்மலையிற் பாடுபட்ட மக்கள் கிட்டார்.