‘செருகினா ஓடும்’ கேமரா அல்ல இது: தொழிற்சாலை கேமராவைக் கணினியுடன் பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

கோவையிலோ ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்து, “லைன்ல மாட்டி, கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணிடுங்க” என்கிறார் மேலதிகாரி. வெப்கேம் மாதிரிதானே, செருகினா ஓடிடும் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு தவறான ஒயர் போதும், கேமரா போய்விடும். அதைவிட மோசமானது, கேமரா ஓடுவதுபோலவே தெரியும், ஆனால் நடுநடுவே படங்கள் காணாமல் போகும். அப்போது விரிசல் விட்ட உதிரிபாகம் ‘ஓகே’ என்று பெட்டிக்குள் போய்விடும். அதனால் கேமராவை மாட்டுவதற்கு முன் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

போன் கேமராவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

போன் கேமரா படத்தை அழகாக்கிக் கொடுக்கும். தொழிற்சாலை கேமராவின் வேலை அதுவல்ல. சொன்ன நொடியில், சொன்ன வெளிச்ச அளவில், ஒரே மாதிரி படம் எடுத்து உடனே கணினிக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான மாடல்களில் லென்ஸும் தனி, ஸ்க்ரீனும் கிடையாது. கணினி இல்லாவிட்டால் இந்த கேமராக்களால் பயனில்லை. அதனால்தான் இணைப்பு இவ்வளவு முக்கியமாகிறது.

யுஎஸ்பியா, நெட்வொர்க் கேபிளா?

பரவலாக இருப்பவை இரண்டு வகை. ஒன்று, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ‘ஜிக்-ஈ விஷன்’. 2006-ல் வந்த தரநிலை இது. இன்னொன்று, 2013-ல் வந்த ‘யுஎஸ்பி3 விஷன்’.

எதை எடுப்பது? முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2448 x 2048 பிக்சல் கொண்ட 5 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளை கேமரா, ஒரு படத்துக்குச் சுமார் 5 எம்பி அனுப்பும். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 115 எம்பிதான் போகும். அதாவது நொடிக்கு 23 படம். யுஎஸ்பி 3.0-ல் இது சுமார் 70 படம் வரை போகும்.

அப்போ யுஎஸ்பியே போதுமே? தூரத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண யுஎஸ்பி 3.0 கேபிளை 3 முதல் 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும். கணினி மெஷின் பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி, தள்ளி கண்ட்ரோல் ரூமில் இருந்தால் நெட்வொர்க் கேபிள்.

முதலில் மெஷினை நிறுத்துங்கள்

ஓடும் லைனில் ஏணி போட்டு கேமரா மாட்டக் கூடாது. மெயின் சப்ளையை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கேமராவுடன் வரும் எல்இடி விளக்குகள் பளிச்சென்று வெட்டி வெட்டி எரியக்கூடியவை. அதை நேராகப் பார்க்காதீர்கள்.

கேமராவை உலோகத் தகட்டில் திருகுங்கள். அதன் சூடு அந்தத் தகடு வழியாகத்தான் வெளியேறும். பிளாஸ்டிக் துண்டில் ஒட்டினால், நம்ம ஊர் மே மாதத்தில் கேமரா கொதித்துவிடும்.

லென்ஸ் மாட்டும்போது…

மூடியைக் கழற்றும்போது கேமராவைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தூசி உள்ளே விழாது. தூசி விழுந்துவிட்டால் சட்டை நுனியால் துடைப்பது, கம்ப்ரஸர் காற்றை அடிப்பது இரண்டும் வேண்டாம். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெயும் ஈரமும் இருக்கும்.

லென்ஸில் சி-மவுண்ட், சிஎஸ்-மவுண்ட் என்று இரண்டு வகை உண்டு. திருகு மரை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் சென்சாரிலிருந்து இருக்க வேண்டிய தூரம் 17.526 மி.மீ., 12.526 மி.மீ. என 5 மி.மீ. மாறுபடும். சிஎஸ் லென்ஸை சி கேமராவில் மாட்டினால் படம் தெளிவாகவே வராது. பின்பக்கம் நீண்டிருக்கும் லென்ஸ் உள்ளே இடித்து, சென்சாருக்கு முன் இருக்கும் கண்ணாடியைக் கீறவும் வாய்ப்புண்டு.

கேமரா எரிவது எங்கே?

பெரும்பாலும் பவரில்தான். தொழிற்சாலை பேனலில் 24 வோல்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் எல்லா கேமராவும் 24 வோல்ட்டைத் தாங்காது. கேமராவின் லேபிளில் இருக்கும் அளவுதான் இறுதியானது.

அடுத்தது பின் வரிசை. பல கம்பெனிகளின் கேமராவில் ஒரே மாதிரி 6 பின் வட்ட கனெக்டர் இருக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் எந்தப் பின்னில் பவர், எந்தப் பின்னில் சிக்னல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேமராவின் கேபிளை அப்படியே புதியதில் மாட்டுவது ரிஸ்க். மல்டிமீட்டரில் சரிபார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் ‘பிஓஇ’ முறையில் ஒயர் குறைவு. தரநிலைப்படி வரும் பிஓஇ சுவிட்ச், எதிரே இருப்பது பிஓஇ கருவிதானா என்று கேட்டுவிட்டுத்தான் மின்சாரம் அனுப்பும். மலிவான ‘பாஸிவ்’ இன்ஜெக்டர் கேட்காது, நேராக அனுப்பிவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் கேமராவையே இழக்க வேண்டாம்.

மோட்டார், டிரைவ் ஒயர்களோடு கேமரா கேபிளை ஒன்றாகக் கட்டவும் கூடாது. மின் இரைச்சல் படத்தில் தெரியும்.

இணைக்கும் வரிசை என்ன?

1. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மென்பொருளை முதலில் நிறுவுங்கள். கேமராவைச் செருகுவது அப்புறம்தான்.

2. டேட்டா, சிக்னல் கேபிள்களை மாட்டுங்கள். பூட்டுத் திருகு இருந்தால் இறுக்குங்கள். மெஷின் அதிர்வில் கேபிள் கழன்று வருவது சகஜம்.

3. பவர் எப்போதும் கடைசியில்.

4. யுஎஸ்பி என்றால் கணினியின் பின்பக்க போர்ட்டைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் யுஎஸ்பியைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

5. நெட்வொர்க் என்றால் கேமராவுக்கென்று தனி நெட்வொர்க் கார்டு வையுங்கள். கணினிக்கு 192.168.10.1, கேமராவுக்கு 192.168.10.2 என்பதுபோல ஒரே வரிசையில் நிலையான ஐபி கொடுங்கள். கேமரா 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டினால், யாரும் முகவரி தராததால் அது தானே ஒன்றை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். பழுது இல்லை.

6. நெட்வொர்க் கார்டில் ‘ஜம்போ ஃபிரேம்’ வசதியை இயக்குங்கள். சின்னச் சின்ன பாக்கெட்டாக இல்லாமல் பெரிய பாக்கெட்டாகப் போவதால் கணினிக்குச் சுமை குறையும். நடுவில் சுவிட்ச் இருந்தால் அதுவும் இதை ஆதரிக்க வேண்டும்.

‘ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க’ - சரியா?

கேமரா தெரியவில்லை என்றதும் பலர் சொல்லும் முதல் யோசனை இதுதான். மொத்தமாக நிறுத்துவது தவறு. கேமரா மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜிக்-ஈ விஷன் வழியாகப் போகும் படங்கள் பூட்டில்லாத தபால் அட்டை மாதிரி. அதே நெட்வொர்க்கில் இருப்பவர் பார்க்கவும், கேமரா அமைப்பை மாற்றவும் வழியுண்டு. எனவே அலுவலக வைஃபை, இன்டர்நெட் இருக்கும் நெட்வொர்க்கில் கேமராவைச் சேர்க்கவே வேண்டாம்.

படம் வந்துவிட்டதா? வேலை முடியவில்லை

ஸ்க்ரீனில் படம் தெரிந்ததும் கை குலுக்கிக் கிளம்பிவிடாதீர்கள். லைனை முழு வேகத்தில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். எத்தனை உதிரிபாகம் ஓடியது, எத்தனை படம் வந்தது? இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று குறைந்தாலும் கவனிக்க வேண்டும். ஒரு படம் தவறினால், அடுத்த பொருளின் முடிவை மென்பொருள் முந்தைய பொருள்மேல் எழுதிவிடக்கூடும். நல்லதைத் தள்ளிவிட்டு, பழுதானதை உள்ளே விடும். ஒரு பிரேக் பாகத்தில் இது நடந்தால் பாதிக்கப்படுவது தொழிற்சாலை மட்டுமல்ல, அந்த வண்டியை ஓட்டுகிறவரும்தான்.

கடைசியாக ஒன்று. ஐபி எண், கேபிள் பின் வரிசை, மென்பொருள் அமைப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவு ஷிஃப்டில் லைன் நின்றால், அடுத்தவரைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.